மூச்சை மீட்கத் தெரிந்தவர்களின் கைகளைக் கட்டாதீர்கள்

எங்கள் நகரசபையின் பூங்காக்கள், பொழுதுபோக்குத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வரும் கோடைகாலப் பயிற்சித் திட்டத்தில், அளவுமீறிய போதையால் மூச்சடங்கிக் கிடப்பவருக்கு முதலுதவி செய்யும் பயிற்சியை உயிர்காப்பாளர்களுக்கும் பூங்காக் காவலர்களுக்கும் வழங்குவதில்லை என்று உங்கள் துறை முடிவெடுத்திருக்கிறது. பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில், இது அவர்களுடைய பணி வரம்புக்குள் வராது என்றும், அத்தகைய ஒருவரைக் கண்டால் அவர்கள் 911ஐ அழைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்றும், போதையால் அடங்கிய மூச்சை மீட்கும் மருந்தான நலோக்சோன் கொண்ட பைகள் நீச்சற் குளங்களிலோ ஏரிக்கரைக் காவல் நிலைகளிலோ வைக்கப்படமாட்டா என்றும் கூறப்பட்டுள்ளது. இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் பலர் உங்களிடம் கோடைகால வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரும் அம்மம்மா, அப்பப்பாமாரும் நடப்பதை அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் ஒன்ராறியோவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்பவள். என் மகன் உங்கள் திறந்தவெளி நீச்சற் குளம் ஒன்றில் உயிர்காப்பாளன். இவ்விரு இடங்களிலும் நாங்கள் கண்டவற்றிலிருந்தே பேசுகிறேன்.

சென்ற கோடையில் ஒரு பிற்பகல், குளத்து வேலிக்கு வெளியே, உடைமாற்றும் அறைகளின் பின்புறத்து மரநிழலில் ஓர் இளைஞர் சாய்ந்து கிடந்தார். பலர் அவரைக் கடந்து போனார்கள். குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்றே எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். இடைவேளைக்கு அந்தப் பக்கம் போன என் மகன் நின்று கவனித்திருக்கிறான். தொண்டைக்குள் நீர் கொதிப்பது போன்ற ஓர் ஒலி, அடுத்த ஒலி வரும்வரை நெடிய அமைதி. உதடுகள் சாம்பல் நிறம். நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. உரத்துக் கூப்பிட்டும், கைமுட்டியால் நெஞ்செலும்பை அழுத்தித் தேய்த்தும் அசைவில்லை. அவனோடு இடைவேளையில் இருந்த இன்னொரு உயிர்காப்பாளர், பதினேழு வயதுப் பெண், சுவாச முகமூடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒருவர் 911 இணைப்பில் பேச, மற்றவர் தலையைப் பின்னுக்குச் சரித்து மூச்சுவழியைத் திறந்து, ஐந்தாறு விநாடிக்கு ஒன்றாக மூச்சுக் கொடுத்தபடி இருந்திருக்கிறார்கள். நாயோடு நடக்க வந்த ஒரு பெண்மணியின் கைப்பையில் தற்செயலாக நலோக்சோன் இருந்தது. அதை அவர் மூக்கில் செலுத்தினார். அம்புலன்ஸ் வந்து சேருமுன்பே அந்த இளைஞர் தாமாக மூச்சு விடத் தொடங்கியிருந்தார்.

அடுத்த கிழமை அந்த இரு பிள்ளைகளையும் அழைத்து உங்கள் மேற்பார்வையாளர் கண்டித்தார். அழைத்துவிட்டு நிற்க வேண்டியவர்கள் ஏன் தொட்டீர்கள் என்பதே கேள்வி. குளத்தில் அப்போது போதிய காவல் இருந்ததா என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. இருவரும் இடைவேளையில் இருந்தார்கள், குளத்து நாற்காலிகள் எதுவும் வெறுமையாக இருக்கவில்லை என்று பதிலும் கிடைத்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. அன்றிரவு என் மகன் என்னிடம், "அம்மா, தண்ணிக்குள்ள இருந்து தூக்கியிருந்தா மெடல் தருவினம், மரத்துக்குக் கீழ எண்டதால பேச்சு விழுது" என்றான். அவனுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடமே கேட்கிறேன்.

நீரில் மூழ்கியவரும் ஓபியாயிட் வகைப் போதையால் விழுந்தவரும் சாவது ஏறக்குறைய ஒரே வழியில்தான். ஹெரோயின், மோர்ஃபின், ஃபென்டனில் ஆகியவை மூளைத்தண்டிலே மூச்சை ஓட்டும் பகுதியை அடக்கிவிடுகின்றன. மூச்சு மெதுவாகி, ஆழம் குறைந்து, நின்று போகிறது. இதயம் அதற்குப் பின்னும் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அது சுற்றியனுப்பும் இரத்தத்தில் ஒட்சிசன் இல்லை. சில நிமிடங்களில் மூளை சிதையத் தொடங்குகிறது. இந்தச் சில நிமிடங்களுக்காகத்தானே உயிர்காப்பாளர் பயிற்சி இருக்கிறது? மூச்சுவழியைத் திறப்பது, முகமூடி வழியாக மூச்சுக் கொடுப்பது, நாடி பார்ப்பது, நெஞ்சழுத்தம் கொடுப்பது, வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் புரட்டிக் கிடத்துவது என்று, தேவையானவற்றில் பெரும்பகுதியை அவர்கள் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்து, சான்றிதழ் பெற்று, காசு கட்டிப் புதுப்பித்தும் வருகிறார்கள். எங்கள் நகரத்தில் வீதியில் போகும் எவரையும்விட, மருந்தகத்தில் நிற்கும் என்னையும்விட, மூச்சை மீட்கும் பழக்கம் அவர்களுடைய கைகளுக்கே அதிகம். எஞ்சியிருப்பது அடையாளங்களை இனங்காண்பதும், ஒரு மூக்குத் தெளிப்பானைச் சரியாக அழுத்துவதும், அதற்குப் பின் என்ன நடக்கும் என்பதை அறிந்திருப்பதும்தான்.

அந்தத் தெளிப்பானை எங்கள் மருந்தகத்துக்கு வருபவர்களுக்கு நாங்கள் காட்டிக் கொடுக்கிறோம். பை கைக்கடக்கமானது. உள்ளே கையுறை, மூச்சுக் கொடுக்கும்போது இடையில் வைக்கும் தடுப்பு, 4 மில்லிகிராம் மருந்து கொண்ட இரண்டு தெளிப்பான்கள், செய்முறை அட்டை ஆகியவை இருக்கும். எத்தனை தரம் சொன்னாலும் பலர் செய்ய முனையும் ஒரு பிழை உண்டு: வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் காற்றில் ஒருதரம் அழுத்துவது. ஒரு தெளிப்பானில் ஒரே ஒரு வேளை மருந்துதான் இருக்கிறது. காற்றில் அழுத்தினால் அது போய்விட்டது. தலையைப் பின்னுக்குச் சரித்து, விரல்கள் மூக்கின் அடியில் முட்டும்வரை நுனியை ஒரு நாசிக்குள் விட்டு, பெருவிரலால் அடிப்பகுதியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் மாற்றம் தெரியாவிட்டால் மற்ற நாசியில் இரண்டாவது. மருந்து வேலை செய்யும்வரை மூச்சுக் கொடுப்பதை விடக்கூடாது. நலோக்சோனின் பயன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். உடலில் போதை அதற்கு மேலும் நிற்கலாம் என்பதால், எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் அம்புலன்ஸ் வரும்வரை தனியே விடக்கூடாது. இவ்வளவையும் கற்பிக்க ஒரு மணி நேரம் போதும்.

இது புதிய மருந்தும் அல்ல. அமெரிக்காவில் 1971இல் அனுமதி பெற்றது. கனடாவில் 2016 மார்ச்சிலிருந்து அவசரத் தேவைக்கு வைத்தியரின் மருந்துச் சீட்டு இல்லாமலே பெறலாம். அதே ஆண்டிலிருந்து ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசமாகவும் வழங்கப்படுகிறது. ஓபியாயிட் உடலில் இல்லாத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் அது தீங்கு செய்வதில்லை. வெயிலில் மயங்கியவருக்கோ சீனி குறைந்து விழுந்தவருக்கோ பயன் தராது, அவ்வளவே.

உங்கள் பதிலில் "அத்தகைய நபர்கள்" என்ற சொற்றொடர் மூன்று இடங்களில் வருகிறது. மருந்தகத்தில் நான் பார்க்கும் மனிதர்களை வைத்துச் சொல்கிறேன், அத்தகைய நபர் என்று ஒருவர் இல்லை. தெருவில் வாங்கும் மாத்திரைகள் இன்று வைத்தியர் எழுதித் தரும் வலிமாத்திரையைப் போலவே நிறமும் எழுத்தும் அச்சிடப்பட்டு வருகின்றன. உள்ளே இருப்பது ஃபென்டனிலாக இருக்கலாம். அது ஹெரோயினைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு வீரியம் கொண்டது. பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் நண்பர்களோடு ஏரிக்கரைக்குப் போய் ஒரே ஒரு மாத்திரையை விழுங்கும் பிள்ளைக்கு அதுவே முதலும் கடைசியுமாக முடியலாம். இன்னொரு பக்கம், புற்றுநோய் வலிக்காக முறைப்படி ஃபென்டனில் பட்டையைத் தோலில் ஒட்டியிருக்கும் முதியவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். வெப்பம் பட்டால் அப்பட்டையிலிருந்து மருந்து உடலுக்குள் இறங்கும் வேகம் கூடும். ஆகவே வெயிலில் நெடுநேரம் கிடக்கக் கூடாது, வெந்நீர்த் தொட்டியில் இறங்கக் கூடாது என்று எங்கள் மருந்தாளர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார். பேரப்பிள்ளைகள் நீந்துவதைப் பார்க்க வந்து, குளக்கரை வெயிலில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துவிடும் ஓர் அப்பம்மாவுக்கு இது நேரலாம். அப்போதும் உங்கள் உயிர்காப்பாளர் அழைத்துவிட்டு விலகி நிற்க வேண்டுமா?

2016 தொடக்கம் 2024 வரை கனடாவில் ஓபியாயிட் நச்சால் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல். 2023இல் மட்டும் நாடளாவிய ரீதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வாண்டில் ஒன்ராறியோவில் இறந்தவர்கள் 2,500 பேருக்கு மேல். பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரல் 14இலேயே பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்துவிட்டது. இங்கே, பாடசாலைகளுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருந்த மேற்பார்வையுடனான போதைப்பொருள் பாவனை நிலையங்கள் 2025 மார்ச் 31க்குப் பின் இயங்கக் கூடாது என்று மாகாணம் 2024இல் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் சரியா பிழையா என்ற வாதத்துக்கு இம்மடலில் நான் போகவில்லை. கதவுக்குள், ஒரு தாதியின் கண்முன் இருந்தவர்கள் அக்கதவு மூடப்பட்டபின் எங்கே போவார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பூங்காக்களின் கழிப்பறைகளும், ஓடைக்கரைப் பாதைகளும், ஏரிக்கரை வாங்குகளும் உங்கள் பொறுப்பில் உள்ளவை.

பூங்காக் காவலர்களின் நிலை உயிர்காப்பாளர்களின் நிலையைவிடக் கடினமானது. குளத்தில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், தொலைபேசி இருக்கிறது, வீதி அருகில் இருக்கிறது. காவலரோ விடியற்காலையில் தனியே போய்க் கழிப்பறைப் பூட்டைத் திறக்கிறார். உள்ளே தாழிட்டிருந்தால், எவ்வளவு நேரம் தட்டுவது, எப்போது கதவைத் திறப்பது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளத்தாக்குப் பாதையில் ஒருவர் விழுந்து கிடந்தால் 911 கேட்கும் முதற் கேள்வி முகவரி. அந்தப் பாதைகளுக்கு முகவரி இல்லை. உங்கள் காவலர் ஒருவர் எங்கள் மருந்தகத்துக்கு வந்து, துறை தராததால் தம் சொந்தத் தேவைக்கென்று ஒரு பையைப் பெற்றுக்கொண்டு போனார். அதைச் சீருடைப் பையில் வைத்திருப்பது தெரிந்தால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்று அவர் அஞ்சினார். உயிர் காக்கும் மருந்தை ஒரு நகரசபைப் பணியாளர் ஒளித்து வைத்திருக்க வேண்டியிருப்பது எங்கள் எல்லோருக்கும் வெட்கக்கேடு.

நீங்கள் காட்டிய காரணங்களுக்கு வருகிறேன்.

சட்டப் பொறுப்பு முதலாவது. 2023 ஜூன் 1 தொடக்கம், தம் பணியாளர் ஒருவருக்கு வேலைத்தலத்தில் ஓபியாயிட் நச்சு நேரும் ஆபத்து இருப்பதை அறிந்த வேலைகொள்வோர், அங்கே நலோக்சோன் பையையும் அதைப் பயன்படுத்தப் பயிற்றப்பட்ட ஒருவரையும் வைத்திருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவின் தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்த விதி பணியாளரைக் காப்பதற்கானது, பூங்காவுக்கு வரும் பொதுமக்களுக்கு அது பொருந்தாது என்பதை அறிவேன். ஆனால் மருத்துவர் அல்லாத ஒரு சாதாரணத் தொழிலாளி இந்த மருந்தைச் செலுத்தலாம் என்பதை மாகாணமே ஏற்றுச் சட்டமாக்கிய பிறகு, அதே செயலை ஓர் உயிர்காப்பாளர் செய்வது மட்டும் எப்படித் தாங்க முடியாத ஆபத்தாகும்? உங்கள் குளங்களின் சுவர்களில் இதய அதிர்வுக் கருவிகள் தொங்குகின்றன. அவற்றைப் பொது இடங்களில் வைக்கும் காலத்திலும் வழக்கு வரும் என்ற அச்சம் எழுந்தது. 2007இல் ஒன்ராறியோ அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றித் தீர்த்தது. இங்கே உங்கள் பங்குக்கு நீங்கள் செய்யக் கூடியது, நல்லெண்ணத்தோடு செயற்படும் பணியாளரின் பின்னால் நகரசபை நிற்கும் என்று எழுத்தில் தருவது. கூட இருந்தவர்கள் பொலிசாருக்குப் பயந்து 911ஐ அழைக்காமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் மீது வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் சுமத்தக் கூடாது என்று 2017 மே 4 தொடக்கம் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அழைப்பவருக்குச் சட்டம் தரும் ஆதரவைக்கூடத் தன் பணியாளருக்குத் தராத இடமாக எங்கள் நகரம் இருக்கக் கூடாது.

ஃபென்டனிலைத் தொட்டாலே பணியாளர் மயங்கிவிடுவார் என்ற அச்சம் இரண்டாவது. அமெரிக்காவின் மருத்துவ நச்சியல் அமைப்புகள் இரண்டு 2017இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாட்டில், உதவிக்கு வருவோருக்குத் தொடுகையால் பாரதூரமான பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு மிக மிக அரிது என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கையுறை போதும். எழுந்தவர் சினந்து தாக்கக் கூடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போதை திடீரென விலகும்போது உடல் நடுங்கும், குமட்டும், குழப்பம் வரும். எட்டி நின்று மெதுவாகப் பேச வேண்டும் என்பது பயிற்சியின் ஒரு பகுதி. பயிற்சியே இல்லாமல் அந்த நிலைமைக்குள் தள்ளப்படும் பிள்ளைக்கல்லவா ஆபத்து அதிகம்?

வயது என்ற காரணத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சாவின் விளிம்பில் இருக்கும் ஒருவரைக் கையாள்வது பாரமான விடயம். என் மகன் அந்த நிகழ்வுக்குப் பின் சில இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் நீரின் அடியில் கிடக்கும் ஒரு குழந்தையைத் தூக்கி வந்து மூச்சுக் கொடுக்கும் பொறுப்பை அதே பிள்ளைகளிடம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள்; அதற்கான மனவுறுதி அவர்களிடம் உண்டு என்று நம்பித்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். என் மகனின் தூக்கத்தைக் கெடுத்தது அவன் செய்த உதவியைவிட, செய்தது குற்றமோ என்ற ஐயம்தான். கண்முன் ஒருவர் நீலம் பாரித்துப் போவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னால், அந்த நினைவோடு அவர்கள் எத்தனை ஆண்டு வாழ வேண்டியிருக்கும்?

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. பைகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவினூடாகப் பெற முடியுமா என்று நீங்கள் கேட்கவே இல்லை என்பது உங்கள் பதிலிலிருந்தே தெரிகிறது.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சாவு எங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. மரண அறிவித்தலில் "திடீரென இறைவனடி சேர்ந்தார்" என்று இருக்கும். இருபத்து நான்கு வயதில் எப்படி என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் மாரடைப்பு என்பார்கள். எங்கள் மருந்தகத்தில் ஒரு தகப்பன், வேறு தமிழர் எவரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, மகனுக்கென்று இந்தப் பையைக் கேட்டு வாங்கினார். வெட்கத்தால் வீடுகளுக்குள் பேசப்படாத ஒன்றைப் பொது இடத்திலும் தொடாதே, விலகி நில் என்று ஒரு நகரசபை சொல்லும்போது, அந்த வெட்கத்துக்கு அரச முத்திரை குத்தியது போலாகிறது. இந்தப் பயிற்சியைப் பெற்று வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றித் தாய் தகப்பனிடம் பேசும். நூறு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரங்களைவிட நான் அதையே நம்புகிறேன்.

ஆகவே என் கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். பயிற்சி இல்லை என்ற முடிவை மீளப்பெற்று, ஜூனில் திறந்தவெளிக் குளங்கள் திறக்கப்படுவதற்கு முன் எல்லா உயிர்காப்பாளர்களுக்கும் பூங்காக் காவலர்களுக்கும், அவர்களுடைய மேற்பார்வையாளர்களுக்கும் கழிப்பறைகளைத் துப்புரவு செய்யும் பணியாளர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கைப்பழக்கத்தோடு வழங்குங்கள். ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் ஏற்பாடு போதாது. மருந்தைச் செலுத்தத் தயங்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். மூச்சுக் கொடுப்பதையும் 911ஐ அழைப்பதையும் அவர் செய்யட்டும். செலுத்த முன்வருபவரைத் தடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு குளத்திலும், ஒவ்வொரு ஏரிக்கரைக் காவல் நிலையிலும், ஒவ்வொரு காவலர் வாகனத்திலும் மூக்குத் தெளிப்பான் பை ஒன்று சுவாச முகமூடியோடு ஒரே பையில் இருக்க வேண்டும். அலுவலக அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. நேரடி வெயிலிலும், குளிர்காலத்தில் உறையும் வாகனத்திலும் விட்டுவிடக் கூடாது. இதய அதிர்வுக் கருவியைச் சோதிக்கும் அதே நாளில் இதன் காலாவதித் திகதியையும் பார்த்துக் குறிக்கும் முறையை ஏற்படுத்துங்கள்.

குளத்தில் காவல் குறையாமல் யார் போவது, யார் நிற்பது, எப்போது விசிலூதி நீரிலிருப்போரை வெளியேற்றுவது என்பதை எழுத்திலான நடைமுறையாகத் தாருங்கள். தாழிட்ட கழிப்பறைக் கதவுக்கும் அப்படியொரு நடைமுறை வேண்டும். பள்ளத்தாக்குப் பாதைகளில், 911இடம் சொல்லக் கூடியவாறு, இலக்கமிட்ட இட அடையாளப் பலகைகளை நாட்டுங்கள். இப்படியொரு நிகழ்வைக் கையாண்ட பணியாளருக்கு அன்றைய எஞ்சிய வேலைநேரத்தைச் சம்பளத்தோடு விடுமுறையாக்கி, மனநல ஆலோசகருடன் பேச வழி செய்யுங்கள். நல்லெண்ணத்தோடு உதவும் எவர் மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை இல்லை என்று அறிவியுங்கள். சென்ற கோடையில் அந்த இரு பிள்ளைகளின் கோப்பில் இடப்பட்ட கண்டிப்புக் குறிப்பை நீக்கி, அவர்கள் செய்தது சரி என்பதை எழுத்தில் அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

மே மாதச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தைச் சேர்க்க வேண்டும் என்றும், மேலே உள்ள கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதைக் காரணத்தோடு தனித்தனியே எழுத்தில் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அக்கூட்டத்தில் நேரில் வந்து பேச எனக்கு நேரம் ஒதுக்குங்கள். பயிற்சித் தெளிப்பான் ஒன்றையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உயிர்காப்பாளன் ஒருவனின் தாயும் மருந்தகப் பணியாளருமான ஒரு நகரவாசி